உப்புத்தண்ணீர் எலிகள்

என் சித்தி ஆறு வருடமாக எலிகளின் மூக்கில் சொட்டு விடுகிறார். ஊசி குத்தாமல், மூக்கு வழியாகவே தடுப்பு மருந்து கொடுக்க வழி தேடும் ஆய்வகம் அது. மூக்கின் உள்தோல் பெரும்பாலும் மருந்தையும் தூசி மாதிரி நினைத்துக் கண்டுகொள்ளாது. அதைத் தட்டி எழுப்ப மருந்தோடு ஒரு துணைப்பொருளைச் சேர்க்க வேண்டும். அந்தத் துணைப்பொருளைத்தான் சித்தி உருவாக்கிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் முடிவு வந்தது. துணைப்பொருள் சேர்த்த மருந்து வாங்கிய எலிகளின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறியிருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புத்தண்ணீர் விட்ட எலிகளிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவற்றில் ஒன்றுமே இருக்கக்கூடாது.

எந்தப் பிழையும் கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆய்வகத் தலைவிக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர்.

"எலிய மாத்தி வச்சிட்டியாம்மா?"

"இல்ல மேடம். காதுல அடையாளம் இருக்கு. மூணு தடவை பாத்துட்டேன்."

"அப்போ உப்புத்தண்ணியே மருந்தா? வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லன்னா இதோட நிறுத்திக்கலாம்."

வீட்டில் சித்தப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். "கடல்ல ஒரு முழுக்குப் போட்டா போதும்னு எழுதிக் குடு."

"பேசாம சாப்பிடுங்க," என்ற சித்தி, கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் கை தவறிட்டேனோ?" என்றார்.

ஆய்வகத்தில் பக்கத்து மேசைப் பெண் ஒரு யோசனை சொன்னாள். "அந்த எலிங்கள விட்டுட்டு மத்தத மட்டும் காட்டுங்கக்கா. யாரு கேக்கப்போறா?" ஒரு கணம் அது சித்திக்குச் சரியென்றே பட்டதாம்.

வியாழக்கிழமை அடுத்த தொகுதி எலிகளுக்குச் சொட்டு விட்டுவிட்டு, சாப்பிடப் போகாமல் கூண்டின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். துணைப்பொருள் வாங்கிய எலியின் மூக்கு ஈரமாக இருந்தது. இன்னொரு எலி வந்து அதைப் பொறுமையாக நக்கிச் சுத்தம் செய்தது. அதன் காதில் உப்புத்தண்ணீர் அடையாளம்.

கூண்டுகள் போதாமல், துணைப்பொருளோடு மருந்து வாங்கியவை, மருந்து மட்டும் வாங்கியவை, உப்புத்தண்ணீர் வாங்கியவை என்று மூன்று வகை எலிகளையும் ஒன்றாக விட்டிருந்தார். ஊசியென்றால் மருந்து உடம்புக்குள் போய்விடும், இந்தத் தொல்லை இல்லை. அப்படியானால் மருந்து மட்டும் வாங்கிய எலிகளும் துணைப்பொருளை நக்கியிருக்கும். ஒப்பிட்டதெல்லாம் வீண். ஆனால் நக்கினதுக்கே வேலை செய்தது என்றால் அது அவ்வளவு வலுவானதா? சித்திக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தனையையும் சொன்னார்.

"ஒண்ணா விட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"சரி, உன் பொருள் வேலை செய்யுதா, இல்லையா?"

"தெரியல மேடம்."

பூதக்கண்ணாடி முடிவுத் தாளை மடித்து வைத்தார். பிறகு, "முதல்லேருந்து ஆரம்பி. கூண்டுக்கு நான் ஏற்பாடு பண்றேன்," என்றார்.

சாயங்காலம் சித்தப்பா வாசலிலேயே கேட்டார். "திட்டினாங்களா, பாராட்டினாங்களா?"

சித்தி செருப்பைக் கழற்றியபடி யோசித்தார்.

"ரெண்டும் மாதிரிதான் இருந்துச்சு."