கொட்டிலுக்குள் கதை இல்லை

வயலில் நெல் விதைத்த பிறகு மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க ஏலாது. அந்த மாரியிலும் வாப்பா பெரும்பாலான மாடுகளை மேட்டுக்காட்டுப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வேளாண்மை வெட்டி முடியும்வரை அவரும் அங்கேதான். பால் தரும் ஆறு பசுக்களும் அவற்றின் கன்றுகளும் மட்டும் வீட்டுக் கொட்டிலில் நின்றன. வீட்டில் உம்மா, அக்காவான என் ராத்தா, ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சான், நான். கால்நடை ஆய்வுகூடப் பயிற்சியை முடித்துவிட்டு எங்கே நியமனம் வரும் என்று காத்திருந்த காலம் எனக்கு.

மாரியில் விடிவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை நான் மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அரிக்கன் லாம்பைக் கொளுத்துவது. நுளம்புக்குப் புகை போடுவது, அதற்கு முதல் நாளே அடுப்பருகில் தென்னம்பொச்சு காயவைத்திருக்க வேண்டும். சாணத்தை வழித்து ஓரத்தில் தள்ளுவது. குளம்பில் புண் வந்த மாட்டின் காலைக் கொண்டீஸ் என்ற ஊதா மருந்து கலந்த தண்ணீரில் கழுவுவது. பிறகு வாளி, வடிதுணி, பால்கான். வரிசை குழம்பினால் களைப்பு இரண்டு மடங்காகும் என்பது என் அனுபவம். குழம்பாவிட்டாலும் களைப்புத்தான். நனைந்த வைக்கோல், நனைந்த விறகு, காயாத உடுப்பு. பாதத்தின் விரலிடுக்குகள் வெளுத்துப்போய், நடக்கும்போது எரியும். உம்மாவுக்கு முழங்கைவரை வலி. ஆனாலும் மாடுகள் அவருடைய கைக்குத்தான் பால் இறக்கும். ஆறில் இரண்டுதான் என்னைத் தொட விட்டன.

அந்தக் கொட்டிலில் உம்மா வைத்த சட்டம் ஒன்று இருந்தது. கறந்து முடியும்வரை யாரும் எந்தச் செய்தியும் சொல்லக்கூடாது. நல்லதும் கூடாது, கெட்டதும் கூடாது.

அதற்குக் காரணம் மச்சான். அவர் நகரத்துக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்ததும் பெண்வீட்டுக்கு வந்தவர். மாட்டுக்குப் பயம். வந்த புதிதில் ஒருநாள் விடியற்காலையில், காற்றுக்குத் தன் கடைக்கூரை பறந்துவிட்டதாம் என்று கத்திக்கொண்டு கொட்டிலுக்குள் ஓடி வந்தார். செம்மறை மாடு ஓர் உதை உதைத்தது. வாளி உருண்டது. உம்மா சாணத்தில் விழுந்து இருந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மருமகன், கூரை போனது போயிட்டு. இப்ப பாலும் போயிட்டு. இன்னும் என்னத்தக் கொண்டு போக வந்த நீங்க?"

அந்த மாடு அடுத்த நாளும் பாலை அடக்கி வைத்துக்கொண்டது. அன்றைக்குப் பிறந்த சட்டம் அது. வெருண்ட மாடு பாலை இறக்காது என்று எங்கள் பயிற்சிப் புத்தகத்திலும் இருந்தது. அதை நான் வாசித்துக் காட்டியபோது உம்மா, "என்ட கதையத்தான் எழுதி வெச்சிருக்கானுகள். அதுக்கா உனக்கு ரெண்டு வருசம்?" என்று சிரித்தார். நான் பயிற்சிக்குத் தெரிவான செய்தியையும் ஆறாவது மாட்டைக் கறந்து முடித்த பிறகுதான் சொல்ல முடிந்தது. "படலையடியில வரக்குள்ளயே உன்ட பல்லக் கண்டுட்டன்" என்றார். உம்மாவுக்கு முகம் போதும்.

ராத்தாவுக்கு அது மூன்றாவது பிள்ளை. முந்தின இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஆறாம் மாதத்தில் போனது. மற்றது பிறந்து ஒருநாள் இருந்தது. இந்தத் தடவை மருத்துவிச்சி வேண்டாம், நகரத்து ஆஸ்பத்திரிதான் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். வலி தொடங்கிய பகலில் மச்சான் ஒரு மாட்டுவண்டி பிடித்து, குறிஞ்சாக்கேணி வழியாகத் துறைக்குக் கொண்டுபோய், கயிறு பிடித்து ஆற்றைக் கடத்தும் படகுப்பாதையில் ஏற்றி அக்கரைக்குக் கூட்டிப்போனார். உம்மாவும் போக வேண்டும் என்றுதான் நின்றார். சீலையைக்கூட மாற்றிவிட்டார். ஆனால் அடுத்த நாள் விடியக் கறக்க ஆள் இல்லை. கறக்காமல் விட்டால் மடி கட்டிப்போகும். அந்தக் குளிரில் கட்டினால் மாடே போய்விடும்.

"விடியக் கறந்துட்டு முதல் பாதையில வாறன், மகள்" என்று வண்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஓம், வாங்க உம்மா" என்றார் ராத்தா. 

அடுத்த நாள் விடியும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. உம்மா மூன்றாவது மாட்டில் இருந்தார். நான் தாழ்வாரத்தில் பாலை வடித்துக்கொண்டிருந்தேன். படலை திறக்கும் சத்தம் கேட்டது. மச்சான். முந்தின நாள் துறையில் விட்டுப்போன சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார். நான் வாளியை வைத்துவிட்டுப் பாதி தூரம் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் கொட்டில் பக்கம் தலையை அசைத்தார்.

"மாமி கறந்து முடிக்கட்டும்" என்றார்.

அவருடைய முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தெரிந்த பிறகு, வாயால் கேட்க யாருக்கு அவசரம்?

உம்மாவும் கண்டார். வாசலுக்கு நேரே இருந்த மாட்டில் இருந்தவர் தலையைத் திருப்பி ஒருமுறை வேலியைப் பார்த்தார். பிறகு மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு தொடர்ந்து கறந்தார். வழக்கமாக நாலாவது மாட்டுக்கு வரும்போது உம்மாவின் கை வேகம் பிடிக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு காம்பாகத் துடைத்தார். கன்றை அவிழ்த்துக் குடிக்க விட்டு, கட்டி, கறந்து, மறுபடி அவிழ்த்து விட்டார். ஐந்தாவது மாட்டை ஒட்டக் கறந்தார். ஆறாவது, வற்றிப்போகிற கிழட்டு மாடு, நாலு சொட்டுக்கு மேல் தராது. அதன் கீழேயும் குந்தி அரைச்சிரட்டை பால் எடுத்தார். பிறகு எழும்பி, முதல் மாட்டிடம் திரும்பிப் போனார். ஏற்கெனவே கறந்த மாடு. அதன் கீழே மறுபடி குந்தினார்.

கறக்கும்வரைக்கும் அவரிடம் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வேலியடியில் மழைக்குள் நின்ற மனிதருக்கும் தெரியும்.

அந்த மாடுதான் கடைசியில் பொறுமை இழந்து காலை மாற்றி வைத்தது. உம்மா எழுந்தார். பால்கானை மூடி, தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். தினமும் கானைச் சைக்கிளில் கட்டி நகரத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொண்டுபோவது மச்சான்தான். பழக்கத்தில் உம்மா அதை நீட்டினார். பழக்கத்தில் அவரும் வாங்கிக் கரியரில் வைத்து, கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டேதான் சொன்னார்.

"புள்ள மௌத்தாப் போயிட்டு மாமி."

உம்மா உதட்டுக்குள் ஓதினார். பிறகு, "என்ன புள்ள?" என்றார்.

"பொம்புளப் புள்ள."

"அவள்?"

மச்சானின் கை கயிற்றில் நின்றது. "ரெத்தம் நிக்குதில்ல. ஏத்துறதுக்கு ரெத்தம் அங்க காணாதாம். கூடப்பிறந்த ஆக்கள் ஆரும் இருந்தா உடனே கூட்டி வரட்டாம் எண்டு டாக்குத்தர் சொன்னார்."

"எப்ப சொன்ன?"

"சுபஹு பாங்குக்கு முந்தி. இருட்டோட."

உம்மா அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தார். கட்டிய கானைப் பார்த்தார். "அப்ப ஏன் மருமகன் இவ்வளவு நேரமும் அங்க நிண்ட நீங்க?"

"கொட்டிலுக்குள்ள..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை. நான் கயிற்றை அவிழ்த்துக் கானை இறக்கித் தாழ்வாரத்தில் வைத்தேன். என்னுடைய இரத்த வகை எனக்குத் தெரியும். பயிற்சியில் ஒருநாள் எங்கள் எல்லாருடைய விரலையும் குத்தி வகை பார்த்துப் பழகினோம். எல்லாருக்கும் கொடுக்கக்கூடிய வகை அது. என்னென்ன எடுக்க வேண்டும் என்று யோசித்தேன்: பழைய சீலைத் துண்டுகள், ஒரு போர்வை, காசு. சைக்கிளில் ஒருவருக்குத்தான் இடம். "நீ போ. மாட்டை அவிழ்த்துப்போட்டு அடுத்த பாதையில நான் வாறன்" என்று உம்மா என்னைத் தள்ளினார்.

துறையில் தண்ணீர் காவி நிறத்தில் இழுத்துக்கொண்டு போனது. காட்டுக் குச்சிகள், பாசி, ஒரு வாழை மரம். படகுப்பாதையின் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் ஒருவரோடொருவர் கத்திக் கத்தித்தான் அதை நேராக வைத்திருந்தார்கள். நடுத்தண்ணீரில் மச்சான் பேசினார்.

"மாமி அந்த முதல் மாட்ட ரெண்டாந்தரமும் கறந்தாவே, மச்சி."

"நீங்க கூப்பிட்டிருக்கலாம்."

"கூப்பிட்டிருக்கலாம்" என்றார். கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "ரெத்தம் வேணும் எண்டத மட்டும் சொல்ல ஏலாமப் போயிட்டு. அதச் சொன்னா மத்ததையும் சொல்லணுமே" என்றார்.

 கரை மெதுவாகத்தான் வந்தது. பிறகு பஸ். துறைமுகத்தைச் சுற்றிப் போகும் வழி முழுக்கக் கப்பல்களும் மழையும்.

ஆஸ்பத்திரியில் என் கையிலிருந்து எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர் தானாக வந்து கையை நீட்டினார். அவரிடமிருந்தும் எடுத்தார்கள். பிந்திவிட்டீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நேரத்துக்கு வந்தீர்கள் என்றும் சொல்லவில்லை. நான் வாங்குப் பலகையில் குந்தி, அவர்கள் தந்த மாவுப் பால் குடித்தேன். அதில் தண்ணீர் எவ்வளவு என்று நாக்கு தன்பாட்டில் கணக்குப் பார்த்தது. அதையும் வெட்கமில்லாமல் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையை எனக்குக் காட்டினார்கள். மச்சான் தன் கடைக்குப் போய் வெள்ளைத் துணியை அளந்து கிழித்துக்கொண்டு வந்தார். மௌத்தைச் சுற்றும் கபன் துணியில் தைக்க ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று பிறகு ஒருநாள் சொன்னார். பிள்ளையை வாங்கிக்கொண்டு இரண்டு கடைக்காரர்களோடு மையவாடிக்குப் போனார்.

உம்மா வரவில்லை. பின்னேரம் யாரோ சொன்னார்கள், தண்ணீர் கூடிவிட்டதால் படகுப்பாதையை நிறுத்திவிட்டார்கள் என்று. வீட்டுக்கு ஒரு சொல்லைக்கூட அனுப்ப வழியில்லை. இரவு ராத்தாவின் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்தேன். விடியப்போகும் நேரம் ராத்தா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். தாதி வந்து பார்த்துவிட்டு, "இனிப் பயமில்லை" என்றாள். மச்சான் காவலுக்கு வந்ததும் நான் பஸ் பிடித்துத் துறைக்கு ஓடினேன். தண்ணீர் வடிந்து, முதல் பாதை புறப்பட்டுக்கொண்டிருந்தது.

இக்கரையில் இறங்கி நடந்தேன்.  எங்கள் வளைவு வருவதற்கு முன்னமே மாடுகள் கத்துவது கேட்டது. ஒன்று இரண்டல்ல, எல்லாம் சேர்ந்து. கன்றுகளும் கத்தின. வெயில் நன்றாக ஏறியிருந்தது. அந்த நேரத்துக்கு எங்கள் கொட்டில் எப்போதும் அமைதியாக இருக்கும். உம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் ஓடினேன்.

உம்மா தெருவில் நின்றார். கையில் வாளி இல்லை. முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு வர உடுத்திய சீலை, முழங்கால்வரை சேறு. என்னைக் கண்டும் முன்னுக்கு வரவில்லை. ஒரு கையால் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்கிறா உம்மா!" என்று தூரத்திலிருந்தே கத்தினேன். "இருக்கிறா!"

கிட்டப் போனதும், "ரெத்தம்?" என்றார்.

"நிண்டுட்டு."

"கதைச்சாளா?"

"தண்ணி கேட்டா."

உம்மா வேலிக்கம்பை விட்டார். "எல்லாத்தையும் தெருவில வெச்சே கேட்டுட்டுக் கறப்பம் எண்டு நிண்டன்" என்றார். "மடியெல்லாம் கல்லாட்டம் கிடக்கும். வா."

அன்றைக்கு நான் எதையும் வரிசைப்படி செய்யவில்லை. புகை போடவில்லை. சாணத்தை வழிக்கவில்லை. தாழ்வாரத்தில் நேற்றைய கான் அப்படியே இருந்தது, மூடியைத் திறக்காமலே புளித்த வாடை வந்தது. மாடுகள் எங்களைக் கண்டதும் கத்துவதை நிறுத்திக்கொண்டன. உம்மா செம்மறை மாட்டின் கீழே குந்தி, மடியில் கையை வைத்தார். கன்றை விட்டுப் பிடித்தும் பால் இறங்கவில்லை. நான் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"புள்ள ஆரப் போல இருந்த?" என்று உம்மா கேட்டார்.

நான் ஒருகணம் அவரைப் பார்த்தேன். அவர் மாட்டின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி உங்களைப் போல என்றேன். முடி நிறைய இருந்தது, மச்சானைப் போலச் சுருள். விரல்கள் நீளம். அது ராத்தாவுடையது. எந்தக் கடைத் துணி, யார் யார் தூக்கிப் போனார்கள், மையவாடியில் எந்தப் பக்கம், எல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னேன். மாடு இரண்டு தடவை காலை மாற்றி வைத்தது. உம்மா கையை எடுக்கவில்லை. பால் இறங்குமட்டும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.