உப்பு மூட்டை மேல் உட்கார்ந்த வண்டி

மலர்கொடி ஒரு பயந்தாங்கொள்ளி. மரக்காணம் உப்பளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இடி இடித்தால் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடுவாள். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் யார் செத்தார்களோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். சுனாமி வந்த வருஷம் அவள் சின்னப் பெண். அன்றிலிருந்து கடல் கொஞ்சம் பலமாக இரைந்தாலும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அவள் புருஷன் அசோகன் கல்யாணமான புதிதில் ஒருநாள் சொன்னான். இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவளும் சிரிப்பாள், சிரித்துவிட்டு மறுபடி பயப்படுவாள்.

அசோகனிடம் அந்தச் சரக்கே கிடையாது. அவனுடைய பிக்கப் வண்டிக்கு வயசாகிவிட்டது. உப்பு ஏற்றி ஏற்றி அடிப்பாகம் முழுக்கத் துரு. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய், பள்ளத்தில் இறங்கினால் வண்டி தவளை மாதிரிக் குதித்துக்கொண்டு போகும். ஈசிஆரில் ஒருநாள் லோடோடு ஆட்டம் போட்டுப் பாலத்துச் சுவரை உரசிவிட்டு வந்தான். மெக்கானிக்கிடம் விடச் சொல்லி அவள் கெஞ்சினாள்.

"நாலு போல்ட்டுக்கு ஒரு மெக்கானிக்கா? போன்ல வீடியோ பார்த்துட்டேன். நானே மாட்டிடுவேன்" என்றான்.

மறுநாள் மத்தியானம், மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், அவள் உப்பளத்திலிருந்து வீடு திரும்பியபோது வண்டி வாசலில் ஒரு பின்சக்கரம் இல்லாமல் நின்றது. வீட்டிலிருந்த ஜாக்கி, ஏற்றி வைத்தால் தானாகவே இறங்குகிற ரகம். அதை நம்பாமல் அச்சுக்கு அடியில் உப்பு மூட்டைகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, வண்டியை அதன்மேல் உட்கார வைத்திருந்தான். அந்த ஊரில் உப்பு மூட்டை எதற்குத்தான் உதவாது? இறுகிப்போன மூட்டை கருங்கல்லுக்குச் சமம்.

"ஏங்க, அது தாங்குமா?"

"யானையே ஏறி நிக்கும். நீ போய் சுடுதண்ணி கொண்டா. போல்ட்டு துருப்புடிச்சி அசைய மாட்டேங்குது."

சுடுதண்ணீர் ஊற்றினால் துரு இளகும் என்று அந்த வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். கொதிக்கக் கொதிக்க இரண்டு குண்டான் கொண்டுவந்து, அவன் கை காட்டிய இடத்தில் அவளே ஊற்றினாள். அசோகன் மல்லாக்கப் படுத்து நெஞ்சுவரை உள்ளே நகர்ந்து ஸ்பேனரைப் போட்டான்.

குண்டானைக் கீழே வைக்கக் குனிந்தபோதுதான் அவள் பார்த்தாள். மூட்டையின் அடியிலிருந்து கலங்கிய தண்ணீர் கோடாக ஓடி மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்த மறுநாள் உப்புக் குவியல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மேலே ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும். உள்ளே நல்ல தண்ணீர் உப்பைத் தின்றுகொண்டே இருக்கும். கால் வைத்தால் பொசுக்கென்று உள்வாங்கும். அந்தத் தண்ணீரை இங்கே ஊற்றியது அவள் கைதான்.

"ஏங்க, வெளிய வந்துடுங்க. உப்பு கரையுது."

"ஆரம்பிச்சிட்டியா?"

"மூட்டை இறங்குதுங்க! சத்தியமா, உங்க உயிருக்கே ஆபத்துங்க!"

"இன்னும் அரை சுத்துதான். பயமா இருந்தா கண்ண மூடிக்கோடி."

பலகை நூல் அளவு சாய்ந்தது. அவன் காலைப் பிடித்து இழுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே உதறினான். எல்லாவற்றுக்கும் கத்திக் கத்தி அவள் கத்தலுக்கு மதிப்பே இல்லாமல் போயிருந்தது. பலகை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே அவள் அலறினாள்.

"ஐயோ, பாப்பாவ லாரி அடிச்சிடுச்சுங்க! இஸ்கூல் வாசல்ல!"

அவன் எப்படி வெளியே வந்தான் என்று அவளுக்கே தெரியாது. முதுகெல்லாம் சிராய்ப்போடு எழுந்தான், செருப்பில்லாமல் ஓடினான். அவன் தெரு முனையைத் தாண்டுமுன் மூட்டை பிளந்தது. அச்சு தொப்பென்று இறங்கி, அவன் நெஞ்சு இருந்த இடத்தில் மணலில் பதிந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"பொய்ங்க! நான் பொய் சொன்னேன்! நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. பெற்றவள் வாயால் இப்படிச் சொல்லிவிட்டோமே, பலித்துவிட்டால் என்ன செய்வது என்று பதறிக்கொண்டே ஓடினாள். பள்ளிக்கூடம் ஈசிஆருக்கு அந்தப் பக்கம். அவன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் ரோட்டில் இறங்கினான். ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. மலர்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். மாரியாத்தா, மாரியாத்தா என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. கண்ணைத் திறந்தபோது பஸ் போயிருந்தது. ரோடு காலியாக இருந்தது.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அசோகன் மண்டியிட்டிருந்தான். இரண்டாவது படிக்கும் பிரியதர்ஷினி, மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு முழித்துக்கொண்டு நின்றாள். அவன் பிள்ளையின் தலை, தோள், முழங்கால் என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தான். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, வாய்விட்டு அழுதான்.

மலர்கொடி மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். மூட்டை பிளந்ததும் வண்டி இறங்கியதும் அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"எதுக்குடி அப்படிச் சொன்னே? வேற எதுவுமே கிடைக்கலையா ஒனக்கு?"

"உங்க உயிருக்கு ஆபத்துன்னு சொல்லித்தானே மொதல்ல கூப்பிட்டேன்" என்றாள் அவள். "அதுக்கு நீங்க வரலையேங்க."