சொன்ன கிழமையில் கொடுத்த டெய்லர்

புதன்கிழமை மதியம் பள்ளியில் பிள்ளைகளைச் சாப்பாட்டு வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது டெய்லர் ஜமால் பாயின் மனைவி ரஹ்மத் அக்காவிடமிருந்து போன் வந்தது. "அம்மணி, அவரு மவுத்தாயிட்டாருங்க. காலைல டீ குடிச்சுப்போட்டுப் படுத்தவரு எந்திரிக்கவே இல்லீங்க" என்றார். ஆறுதலாக நாலு வார்த்தை பேசியிருக்கலாம். "இதோ வாரேனுங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன். அன்று மாலையே ஜமால் பாயை அடக்கம் செய்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாழினிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். "பாத்துக்கறேனுங்க" என்றேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வைத்திருக்கும் நம் பெற்றோர் குழுவில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பெரியகடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு தையல் மெஷினும் ஒரு இஸ்திரி மேசையும் போட்டால் நிறைந்துவிடுகிற கடை. நம் பிள்ளைகளுக்கு அவர் தைத்த துணிகளைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். நான் என் மகள் யாழினியின் கதையைச் சொல்கிறேன். அதில் நான் அவ்வளவு நல்லவளாக வரமாட்டேன். பரவாயில்லை.

யாழினிக்கு இப்போது பதினேழு வயது. ஆட்டிசம் உள்ளவள். ஏழு வயதில் அவளுக்குத் துணி என்றாலே எமன். கழுத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன லேபிளும், உள்பக்கத் தையலின் பிசிறும் நமக்குத் தெரிவதே இல்லை. அவளுக்கு அது முள். போட்டுவிட்ட பத்தாவது நிமிஷம் பிய்த்து எறிந்துவிடுவாள். ஒருநாள் தொண்டாமுத்தூர் பஸ்ஸில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், சட்டையைக் கழற்றிவிட்டாள். நான் அவளை அறைந்தேன். தினமும் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற டீச்சர், பெற்ற பிள்ளையை ஊர் பார்க்க அறைந்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், "இன்னும் ரெண்டு போடுங்க, சரியாயிரும்" என்றார். அந்த இரண்டையும் அவருக்குப் போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அந்த வாரம் யாரோ சொல்லித்தான் பாய் கடைக்குப் போனேன். எல்லோருக்கும் செய்வதுபோல அவளுக்கும் அளவு டேப்பைத் தோளில் வைத்தார். யாழினி அவர் கையைக் கடித்துவிட்டாள். நல்ல கடி, ரத்தம் வந்துவிட்டது. நான் கையை ஓங்கிக்கொண்டு போனேன். பாய் குறுக்கே வந்து நின்றார். "புள்ள மேல தப்பில்லீங்க அம்மணி. கேக்காம தொட்டது நானு. உங்களை யாராச்சும் கேக்காம தொட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்றார். அப்புறம் அவளுக்குப் பிடித்த பழைய சட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து அளவெடுத்தார்.

துணியை வெட்டுவதற்கு முன்னால் ரஹ்மத் அக்கா அதை நாலைந்து தரம் துவைத்து மெதுவாக்குவார். பாய் பிசிறு வெளியே தெரியாமல் மடித்து மடித்துத் தைப்பார். தைத்த துண்டு ஒன்றைத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க மெஷின் மிதிப்பார். "தொண்டை வலிங்களா பாய்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "இல்லீங்க, ட்ரையல் பாக்கறனுங்க" என்பார். சாயங்காலம் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கே அரிக்குது, புள்ளைக்கு அரிக்காதுங்களா?" என்று எல்லாவற்றையும் பிரித்துப்போடுவார். மூன்றாவது சட்டையை யாழினி போட்டுக்கொண்டாள். அன்றைக்கு முழுக்கக் கழற்றவில்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இவ்வளவு நல்ல மனிதரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவர் டெய்லர். எந்த ஊர் டெய்லர் சொன்ன நாளில் துணி கொடுத்திருக்கிறார்? "நாளைக்கு வாங்க", "பட்டன் மட்டுந்தானுங்க பாக்கி", "இதோ அஞ்சே நிமிஷம்". தீபாவளி ரவிக்கையைப் பொங்கலுக்குக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற கூட்டம் அது. யாழினியிடமும் அதே வாயில் "சனிக்கிழமை வா கண்ணு" என்று சொல்லிவிட்டார். அவளுக்குச் சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான். போனோம். துணியை இன்னும் வெட்டக்கூட இல்லை. "அஞ்சு நிமிஷம் கண்ணு" என்றார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றாள். ஆறாவது நிமிஷம் சுவரில் தலையை மோதத் தொடங்கினாள். பாய் ஓடிவந்து சுவருக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தார். அவளைத் தொடவில்லை. அவள் ஓயும்வரை, முக்கால் மணி நேரம், அப்படியே நின்றார்.

ஓய்ந்த பிறகு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "பாய் பொய் சொல்லிப்போட்டேன் கண்ணு. இனிச் சொல்ல மாட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "நாம சொல்றதை அப்படியே நெசம்னு நம்பி நிக்கிறது இந்தப் புள்ள ஒண்ணுதானுங்க. இதுகிட்டப் போயிப் பொய் சொன்னா நானெல்லாம் என்ன மனுசனுங்க?" என்றார். கை வீங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவளிடம் உள்ளதைத்தான் சொன்னார். "செவ்வாய்க்கிழமை முடியாது கண்ணு, வியாழக்கிழமை முடியும்." "இன்னும் இருபது நிமிஷம் ஆகும்." "கரண்ட் எப்ப வரும்னு தெரியாது கண்ணு." பழக்கம் ஒட்டிக்கொண்டு மற்றவர்களிடமும் பொய் வராமல் போய்விட்டது. கல்யாண அவசரத்தில் வருகிறவர்களிடம் "அதுக்குள்ள ஆகாதுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவர்கள் 'நாளைக்கே ரெடி' என்று சொல்கிற அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ரஹ்மத் அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "ஒரு பொய் சொன்னா வாய் கோணியா போயிரும்?" "கோணாது. பழக்கம் உட்டுப்போச்சு" என்பார் பாய். சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு யாழினி அந்தக் கடைக்குப் போய், தைத்த துணிகளில் தொங்கும் நூலைக் கத்தரித்துக் கொடுப்பாள். ஒரு நூலை விடமாட்டாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் யாழினி எப்போதும்போல, "சனிக்கிழமை பாய் கடை" என்றாள். நான், "பாய் ஊருக்குப் போயிருக்கார் கண்ணு" என்றேன்.

"எந்தக் கிழமை வருவார்?"

"அடுத்த வாரம் சனிக்கிழமை."

ஐயோ, எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்! அந்த மனிதர் பத்து வருஷமாகத் தொடாமல் வைத்திருந்த பொய்யை, அவரை மண்ணில் வைத்த அன்றே நான் கையில் எடுத்தேன். பிள்ளை தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்கமாட்டாதவள் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. காலை ஆறு மணிக்கே குளித்து, செருப்பு மாட்டி, வாசலில் நின்றாள். 'மலையில இருந்து யானை எறங்கியிருக்குது, பஸ் வராது' என்ற பொய் எங்கள் ஊரில் எப்போதும் தயாராக இருக்கும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா பொய் சொல்லிட்டேன் யாழினி. பாய் செத்துட்டார். செத்தவங்க திரும்பி வரமாட்டாங்க."

அவள் அழவில்லை, தலையை மோதவில்லை. விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். "சனிக்கிழமை வரமாட்டார்" என்றாள். "வரமாட்டார்" என்றேன். "ஞாயித்துக்கிழமை வரமாட்டார்." "வரமாட்டார்." ஏழு கிழமையும் சொன்னாள், ஏழு தரமும் பதில் சொன்னேன்.

அவள் மடக்கிய விரல்களை விரித்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா எந்தக் கிழமை சாவாங்க?"

இந்தக் கேள்வியை நாம் எல்லோரும் அறிவோம். நம் கூட்டங்களில் யாரும் அதைச் சத்தமாகக் கேட்பதில்லை. பாயைப் பார்க்காமல் இருந்திருந்தால், 'அம்மா எங்கயும் போகமாட்டேன்' என்று சொல்லியிருப்பேன், அவளும் நம்பி நின்றிருப்பாள்.

"தெரியாது கண்ணு" என்றேன். 'இன்னைக்கு இல்லை' என்று சேர்த்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அதுவும் எனக்குத் தெரியாது. அதனால் சொல்லவில்லை.

ஜமால் பாயிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது 'தெரியாது' என்ற இந்த ஒரு வார்த்தைதான். அவள் அதை இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். பிறகு, "பசிக்குது" என்றாள்.