சேவியர் அங்கிளின் முந்நூறு வருட ரசீது

போட்டோவில் சேவியர் அங்கிள் கோட்டும் டையும் போட்டிருந்தார். அவரிடம் கோட்டே கிடையாது... ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒட்டிவிடும் கோட்டு அது.

அதைத்தான் முதலில் பார்த்தேன். கீழே அவருடைய ரூம்மேட் அனுப்பியிருந்த மெசேஜை அப்புறம்தான் படித்தேன். "கறுப்பு பார்டர் ஃபிரேம் வேணும். நாளைக்கு பாடி ஊருக்குப் போகுது."

டூட்டியில் நெஞ்சுவலியாம். நாலு நாள் ஆகிவிட்டது. எனக்குத் தெரியவே தெரியாது.

மஸ்கட் ரூவியில் எங்கள் மாமாவின் ஃபிரேம் கடைக்கு வந்திருந்தால் அவரைப் பார்த்திருப்பீர்கள். கப்பல் ரிப்பேர் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். முந்நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்து கஜானா அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட ரசீதுகளை ஆன்லைன் ஏலத்தில் வாங்குவார். ஃபிரேம் போட எங்களிடம் கொண்டு வருவார்.

இதெல்லாம் எதற்கு என்று மாமா கேட்டால் சிரிப்பார். "நானும் தினம் டெலிவரி நோட்டுல கையெழுத்துப் போடுறவன்தானே ஓய். இவன் கையெழுத்தைப் பாரும், கடைசி எழுத்து இழுத்துக்கிட்டுப் போவுது. சாப்பாட்டு நேரத்துல போட்டிருப்பான்."

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நான் கடைக்கு வந்த புதிது. அவர் கொடுத்த ஒரு ரசீதின் மேல் ஓரம் அலை அலையாக இருந்தது. ஃபிரேமில் அசிங்கமாகத் தெரியுமே என்று ஸ்கேல் வைத்து நேராக வெட்டிவிட்டேன். வெட்டிய துண்டு குப்பைக்குப் போய்விட்டது.

அங்கிள் வந்து பார்த்துத்தான் சொன்னார், அந்த அலை வேண்டுமென்றே வெட்டியதாம். ஒரு பாதி கஜானா ஆபீசில், மறு பாதி ரசீது வாங்கிய ஆள் கையில். சேர்த்து வைத்தால் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் போலி...

அவர் திட்டவில்லை. "முந்நூறு வருசம் ஒருத்தனும் கை வைக்கல மக்களே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான். அதை அப்படியே ஃபிரேம் போட்டு வாங்கிக்கொண்டு போனார். நான் தலை நிமிரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கடைப் பக்கம் வரவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இன்னொரு ரசீதோடு வந்தார். மாமா கை நீட்டினார். "உம்மகிட்ட இல்ல ஓய், அந்தப் பிள்ளைகிட்ட குடுக்கேன். ஒரு தடவை வெட்டுனவளுக்குத்தான் பயம் இருக்கும். உமக்கு என்ன பயம்?"

அதற்கப்புறம் பதினோரு ஃபிரேம், எல்லாம் நான் போட்டது. அந்த முதல் ரசீதைப் பற்றி மட்டும் நான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்றே...

இன்று சாயங்காலம் அவருடைய ரூம்மேட் நாசர் அண்ணன் வந்தார். கையில் அந்த முதல் ஃபிரேம்.

"தங்கச்சி, புது ஃபிரேம் வேணாம். இந்தப் பேப்பரைக் கழட்டிட்டு போட்டோவை வெச்சுத் தா. அவர் வீட்டுல கேட்டேன், பழைய பில்லெல்லாம் எதுக்குன்னுட்டாங்க. கம்பெனியில ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டான், மத்ததும் குப்பைக்குத்தான்."

"சைஸ் சரியாத்தான் இருக்கு, மாத்திக் குடு" என்றார் மாமா.

"மாட்டேன்" என்றேன். நான் சத்தமாகப் பேசி மாமா கேட்டதில்லை. "அது பில்லு இல்லண்ணா. பாடியோட நீங்கதானே போறீங்க? பன்னிரண்டையும் கொண்டுபோய் அவங்க வீட்டுல குடுத்துருங்க."

நாசர் அண்ணன் ஃபிரேமை என் பக்கம் தள்ளினார். "அவங்க கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்? எழுதிக் குடு."

போய் வாருங்கள் அங்கிள்.

போட்டோவுக்குப் புது ஃபிரேம் போட்டேன். பிறகு ரசீது ஃபிரேமைத் திருப்பி, பின்னட்டையில் எழுதினேன். இங்கிலாந்து கஜானா ரசீது. கையெழுத்து அசல். தயவுசெய்து பிரிக்க வேண்டாம். மேல் ஓரத்தை வெட்டியது நான்.

கீழே முழுப் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.