வளையத்தில் வைத்த பொட்டு

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினேன். இருபத்தாறு வருஷம். காரமடையிலிருந்து தினம் பஸ். மொத்தம் ஆறு பேர். தண்ணீர் பம்புக்குள் போகிற உருப்படிகள் செய்வோம். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போகும்.

அங்கே நம் சரக்குக்கு வரி ஏற்றினார்கள். ஆர்டர் நின்றது. இரண்டு நாட்டுத் தலைவர்களும் முன்னே கட்டிப்பிடித்துக்கொண்டதை டீக்கடை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இப்போது பேச்சுவார்த்தை இல்லையாம். எந்த நாடும் எந்த நாட்டையும் நம்புவதில்லையாம். எல்லாரும் குண்டு வாங்கி அடுக்குகிறார்களாம். நம் குண்டை இனி நாமே செய்வோம் என்று நம் தலைவரும் பேசினார். எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

முதலாளி என்னைவிடச் சின்னவர். நான் அவங்கப்பா காலத்தில் சேர்ந்தவன். அவர் நாலைந்து மாசம் அலைந்தார். ராணுவத்துக்கு பீரங்கிக் குண்டு செய்கிற ஒரு பெரிய கம்பெனியில் சாம்பிள் வேலை கிடைத்தது. குண்டோடு சேருகிற இரும்பு வளையம், பத்து உருப்படி. இரும்பு அவர்களே கொடுத்தது, பத்துக்குச் சரியாக. தேறினால் எல்லா நாளும் வேலை. தேறாவிட்டால் பட்டறையை மூடிவிடுவதாக முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டார்.

பத்தையும் நான்தான் கடைந்தேன். அளவு சுத்தமாக வந்தது. டிரில்லிங் மெஷின் ஓட்டுகிற அம்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, இது யாரு மேல போய் உழுகுமுங்க?"

தெரியாது என்றேன்.

"பம்புன்னா தண்ணி வருமுங்க," என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தோம். பொரி கடலை வைத்தோம். வளையங்களைத் தாம்பாளத்தில் நடுவில் வைத்தேன். துருப் பிடிக்காமல் இருக்க அவற்றில் எண்ணெய் பூசியிருந்தது. சந்தனம் நிற்கவில்லை, வழுக்கியது. மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியால் எண்ணெயை நன்றாகத் துடைத்தேன். அப்புறம் நின்றது. குங்குமமும் வைத்தேன். யாரும் சொல்லவில்லை. நானாக வைத்தது.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுப்பதில்லை. மறுநாள் விஜயதசமி. அதற்கடுத்து ஞாயிறு. மழை வேறு. திங்கட்கிழமை போய்ச் சந்தனத்தைத் துடைத்தேன். ஒவ்வொரு பொட்டுக்கு அடியிலும் துரு. விரலில் குழி தட்டுப்பட்டது. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தேன். துரு போனது. அளவும் போனது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். பத்தையும் பார்த்து முடித்தார்.

"எண்ணெயத் தொடச்சுப்போட்டீங்களா?"

ஆமாங்க என்றேன்.

"நானும் பக்கத்துலதானுங்ண்ணா நின்னு கும்புட்டுட்டிருந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை.

இருந்தும் கம்பெனிக்குக் கொண்டுபோனார். மத்தியானத்துக்குள் பத்தையும் திருப்பிவிட்டார்கள். வேறு இரும்பு கொடுங்கள், மறுபடி செய்து தருகிறோம் என்று கேட்டிருக்கிறார். வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் பாருங்கள் என்றார்களாம். எல்லாரும் முன்னே பம்பு வேலை செய்தவர்கள்.

தைக்குள் மெஷின்கள் போய்விட்டன. என் லேத்தை மதுக்கரைப் பக்கம் ஒருத்தர் வாங்கினார். டெம்போவில் ஏற்ற நானும் பிடித்துவிட்டேன். பூஜைப் பொட்டு அதில் காய்ந்து கிடந்தது.

இப்போது ஒரு அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன். டிவியில் அதே தலைவர் அதே பேச்சு. ராணுவத்துக்கு இன்னும் அதிகம் ஒதுக்கியிருக்கிறார்களாம். டிரில்லிங் அம்மா போன் செய்து, எங்காவது வேலை இருக்குமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லீங்க அம்மணி என்றேன். அவரும் நம்பிக் கேட்ட மாதிரி இல்லை.

இந்த ஆயுத பூஜைக்கு அப்பார்ட்மெண்ட் கேட்டுக்குப் பொட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அது பெயிண்ட் அடித்த இரும்பு. ஒன்றும் ஆகாது.