பீருக்கு முன்னால் ஒரு சாம்ராஜ்யம்

சுற்றுலா வழிகாட்டி என்பவர், வண்டியில் வந்த அத்தனை பேரும் வேறு எங்கோ போக நினைக்கும் இடத்தில் நின்று பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். சொந்தக்காரர்களை ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு திருப்பதி போய் வந்தவர்கள் உங்களில் இருந்தால் என் நிலைமை விளக்காமலே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் வேலை பார்த்த பத்திரிகை செகந்திராபாத் அலுவலகத்தை மூடியபோது, மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்திருந்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே இழுத்துப் போவது ஒரு தொழிலாகியிருந்தது. மல்காஜ்கிரியில் டிராவல்ஸ் வைத்திருந்த முரளி என்னைக் கூப்பிட்டான். அவன் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே இங்கே வந்தது. பாதி தமிழ், பாதி ஹைதராபாத்.

திட்டம் இது: காலையில் நாகார்ஜுனசாகர். அங்கிருந்து படகில் நாகார்ஜுனகொண்டா தீவு, அருங்காட்சியகம். மாலையில் கரைக்குத் திரும்பி ஒரு விடுதித் தோட்டத்தில் பீர். சரித்திரம் என் பொறுப்பு. சேர்ந்த மூன்றாவது மாதமே முரளி தெளிவாகச் சொல்லிவிட்டான்: தசராவுக்குள் சரித்திரத்தைப் பற்றிய புகார்கள் நிற்காவிட்டால் அருங்காட்சியகத்தை வெட்டிவிட்டு, படகில் தீவைச் சும்மா ஒரு சுற்று சுற்றி நேரே பீருக்குப் போய்விடலாம். அப்புறம் நான் எதற்கு? வண்டி ஓட்டும் யாதகிரியே போதும்.

"கைக்கு அண்ணா இவ்வளவு கல்லு?" என்றான். 'கைக்கு' என்றால் ஹைதராபாத் உருதுவில் 'எதற்கு'. "ஜனங்க சந்தோஷமா இருக்க வராங்க."

பீச்

முரளி அச்சடித்த விளம்பரத்தில் நான்கு சொற்கள் இருந்தன. தீவு, சரித்திரம், பீச், கிராஃப்ட் பீர். தீவும் சரித்திரமும் உண்மை. மற்ற இரண்டைப் பற்றிக் கேட்டேன். "பீச் இருக்கு அண்ணா, ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றான். விடுதிக்காரரிடம் சொல்லி, தோட்டம் தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு லாரி மணல் கொட்டியிருந்தான். அதன் மேல் மூன்று குடை. அணைக்கட்டில் தேங்கி நின்ற கிருஷ்ணா நதி, இந்த மணலுக்கு முன்னால் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

முதல் வாரமே சோதனை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்து ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். நான் கிளம்பலாம் என்று கூப்பிடப் போனபோது அக்கறையாகக் கேட்டாள்:

"வீக்கெண்ட்ல அலை இருக்காதா சார்?"

படகின் மேலாளர்

தீவுக்குப் போகும் படகு, ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். டீசல் எரிக்கிறவனுக்கு அது நியாயம். ஆனால் கார்த்திக் என்ற டீம் லீடருக்கு இது பிடிபடவில்லை. அவர் அன்றைய நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவர் கணக்குப்படி அப்போது நாங்கள் நடு ஆற்றில் இருக்க வேண்டும். நாங்களோ படகுத்துறையில் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தோம்.

அவர் படகுக்காரரிடம் ஆங்கிலத்தில் பேசினார். படகுக்காரர் பீடியை எடுத்துவிட்டு, "இன்கா ஜனம் ராவாலி சார்" என்றார். இன்னும் ஆள் வர வேண்டும் என்று நான் மொழிபெயர்த்தேன். எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். குண்டூர் பஸ் வந்தால் வருவார்கள். பஸ் எப்போது வரும்? அது பஸ்ஸைக் கேட்க வேண்டும். கார்த்திக் கொஞ்சம் தள்ளிப்போய் செல்போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடினார். கிடைக்கவில்லை. திரும்பி வந்து, பல வருட நிர்வாக அனுபவத்தையெல்லாம் குரலில் திரட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"இந்தப் படகுக்கு மேனேஜர் யாரு? அவருக்கு மேல யாரு?"

வயது

நாகார்ஜுனகொண்டா ஒரு மலை. அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது பள்ளத்தாக்கு மூழ்கி, மலை உச்சி மட்டும் தீவாக நின்றது. மூழ்குவதற்கு முன் கீழே தோண்டியெடுத்த ஸ்தூபிகளையும் மண்டபங்களையும் கல் கல்லாகப் பிரித்து மேலே கொண்டுவந்து திரும்ப அடுக்கினார்கள். நின்று கேட்டால் மயிர்க்கூச்செறிய வேண்டிய கதை. இதை நான் நன்றாகவே சொல்வேன். இங்கே இக்ஷ்வாகு அரசர்கள், இங்கே விகாரைகள், சிங்களத்திலிருந்தெல்லாம் பிக்குகள் வந்து தங்கிய இடம், ஆயிரத்து எழுநூறு வருடம் என்று குரலை ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொண்டே போனேன்.

முன் வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். புதிதாக வேலையில் சேர்ந்தவன். கேள்வி கேட்டால் நல்ல பெயர் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அணை எப்போது கட்டினார்கள் என்று கேட்டான். அறுபதுகளில் என்றேன். மனதுக்குள் கணக்குப் போட்டான். முகம் வாடிவிட்டது. ஏமாற்றப்பட்டவன் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அப்ப இந்தத் தீவு எங்க அப்பாவைவிடச் சின்னது சார்!"

காஞ்சன்பாக் தம்பதி

ஒரு வாரம் ஆள் குறைந்ததால் முரளி இரண்டு இருக்கைகளைக் காஞ்சன்பாக்கிலிருந்து வந்த ஒரு தம்பதிக்குக் கொடுத்தான். கணவர் ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். நான் வாயைத் திறந்தால் அவர் கேள்வியைத் திறந்தார். அந்தத் தூண் எத்தனை டன்? எதில் ஏற்றினார்கள்? கயிறா, சங்கிலியா? சுண்ணாம்புக் கல் தண்ணீரில் கரையாதா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அதையும் ஏற்காமல், "தெரியாதுன்னா எப்படி? நீங்கதானே கைடு?" என்றார். மூச்சு வாங்கிக்கொள்ள ஓர் இடைவெளி வேண்டுமே என்று, "சார் எந்தத் துறையில் இருந்தீங்க?" என்று கேட்டேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டார். "அதெல்லாம் சொல்லக்கூடாது."

அவர் மனைவி குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆன நாளா எனக்கே சொல்லல. ஒங்களுக்கு இந்த மொட்டைப் பாறையில வச்சா சொல்லிரப் போறாக?"

திரும்பியதும் அவர் முரளிக்குப் போன் செய்து, அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை, சரித்திரம் இன்னும் ஆழமாக இருந்திருக்க வேண்டும் என்று குறைப்பட்டிருக்கிறார். எனக்கு மகிழ்ச்சி. ஒரு மனிதராவது கேட்டாரே! முரளியிடம், இது நம் பக்கம்தான் சேரும் என்று வாதாடினேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நக்கோ அண்ணா. சரித்திரம் மேல இன்னொரு புகார். அவ்வளவுதான்."

கிராஃப்ட்

நான்காவது சொல்லுக்கு வருகிறேன். அப்போது பெங்களூரில் பீரைக் கடையிலேயே காய்ச்சி ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு அது இன்னும் வரவில்லை. முரளிக்கு அந்தச் சொல் மட்டும் வந்து சேர்ந்திருந்தது. இப்ராஹிம்பட்டினத்தில் ஒரு கடையில் சாதாரண பீர் பாட்டில்களை வாங்கி வண்டியில் போட்டுக்கொள்வோம். தோட்டத்தில் அவற்றை மண் கூஜாக்களில் ஊற்றி, மண் குவளைகளில் பரிமாறுவோம். கூஜாவில் ஊற்றியதும் நுரை போய்விடும். கொஞ்ச நேரத்தில் வாயுவும் போய்விடும். மிஞ்சுவது கசப்பான மஞ்சள் தண்ணீர்.

அமெரிக்காவில் இரண்டு வருடம் ஆன்சைட் இருந்துவிட்டு வந்த ஸ்ரீராம் என்பவர், குவளையை வாங்கி முதலில் மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மண் குவளையில் என்ன தெரியும்? ஒரு வாய் குடித்து, வாய்க்குள்ளேயே சுற்றி, கண்ணை மூடினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இதில் கசப்புக்குப் போட்டது என்ன ஹாப்ஸ், எத்தனை நாள் ஊறியது, காய்ச்சியவர் யார் என்று கேட்டார். இக்ஷ்வாகு வம்சாவளியை நான் தலைகீழாகச் சொல்வேன்; இது என் பாடத்திட்டத்தில் இல்லை. முரளியைக் காட்டினேன்.

முரளி ஓடி வந்தான். "ஹவ் சார், ஆமா, கிராஃப்ட்தான். முழுக்க கையால செஞ்சது. மெஷினே கிடையாது. செஞ்சவர் வீட்டுக்கே நேரா போய் வாங்கினேன்."

"பீரையா?"

"பீர் கம்பெனி பீர் சார். நான் சொல்றது கூஜாவை."

அக்டோபர் இரண்டு

தசரா நெருங்கியபோது கார்த்திக் மறுபடி வந்தார், இந்த முறை முழு டீமோடு. ஒரு பெரிய மென்பொருள் ரிலீஸ் முடிந்து, எல்லோருக்கும் கம்பெனி செலவில் ஒரு நாள் சுற்றுலா கிடைத்திருந்தது. அவர்கள் அலுவலகத்தின் விடுமுறைப் பட்டியலில் அடுத்து வந்த நாள் அக்டோபர் இரண்டு. அவர்கள் அதை எடுத்தார்கள். முரளி முன்பணம் வாங்கினான். நானும் சரி என்றேன். விடுமுறை என்று பார்த்தோமே தவிர, எதற்கு விடுமுறை என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பத்திரிகையில் இருந்தவரை வருடா வருடம் அந்தத் தேதிக்குச் செய்தி எழுதியவன் நான்.

இப்ராஹிம்பட்டினத்தில் யாதகிரி வழக்கம்போல் வண்டியை ஓரம் கட்டினான். கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடையும் அப்படியே. யாதகிரி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி திரும்பி, முழு வண்டிக்கும் சேர்த்து அறிவித்தான்: "ஆஜ் காந்திஜி கா பர்த்டே ஹை நா சாப்."

பின் இருக்கைகளிலிருந்து இழவு வீட்டுக் குரலில் யாரோ, திரும்பிவிடலாமா என்றார்கள். கூட வந்திருந்த முரளிக்கு வியர்த்தது. இந்தக் கம்பெனி போனால் அதைப் பார்த்து மூன்று கம்பெனி போகும். என் காதருகே குனிந்து, "அண்ணா, இன்னைக்கு உங்க கல்லுதான். எப்படியாவது இழுங்க" என்றான். சரித்திரத்தின் கையில் எல்லாம் இருந்த ஒரே நாள் அது.

இழுத்தேன். படகிலேயே ஆரம்பித்துவிட்டேன். அருங்காட்சியகத்தில் ஒரு சிற்பத்தையும் விடவில்லை. வேறு போக்கிடம் இல்லாததால் அவர்கள் கேட்டார்கள். அரசர்கள் வேத யாகம் செய்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் புத்த ஸ்தூபிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள் என்றபோது ஒரு பெண், "ஒரே வீட்டுல ரெண்டு சாமியா? சண்டை வராதா?" என்றாள். இன்னொருத்தி, "எங்க வீட்டுல ஒரே சாமிக்கே வருது" என்றாள். கார்த்திக் கடிகாரத்தைப் பார்க்க மறந்து, பள்ளத்தாக்கு ஏன் கைவிடப்பட்டது என்று மூன்று கேள்வி கேட்டார். கடைசிப் படகுக்குக் கூப்பிட்டபோதுதான் வெளியே வந்தோம். வெயிலில் நின்று நா வறண்டு, கால் கடுத்து, வரிசையாகத் தோட்டத்தில் போய் விழுந்தோம். பீருக்குப் பதிலாக முரளி எங்கிருந்தோ கோலி சோடா கொண்டுவந்து வைத்திருந்தான். ஆளுக்கு இரண்டு மூன்று குடித்தார்கள். ஸ்ரீராம் மாதிரி யாரும் மோந்து பார்க்கவில்லை. கிளம்பும்போது கார்த்திக் முரளியின் கையைக் குலுக்கி, அடுத்த காலாண்டுக்கும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு புகாரும் இல்லை.

வண்டியில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெற்றி பெற்றவனின் நிதானத்தோடு முரளியைப் பார்த்தேன். "மியூசியத்தை வெட்டணும்னு இன்னமும் சொல்றியா?"

"அரே, நக்கோ அண்ணா!" என்றான் அவன், கண் கலங்காத குறையாக. "இவ்வளவு நாளா எனக்குப் புரியல. உங்க பேச்சுல மூணு மணி நேரம் நின்னுட்டு வந்தா ஜனங்க எதைக் கொடுத்தாலும் அமிர்தம்னு குடிக்கிறாங்க. அந்தக் கூஜா பீருக்கு இதுதான் மருந்து. இன்னும் அரை மணி நேரம் கூட்டிக்குங்க."

ஆயிரத்து எழுநூறு வருடம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் தாக்குப்பிடித்த ஒரு சாம்ராஜ்யம் எங்கள் நிறுவனத்தில் பிழைத்ததும், அதோடு என் வேலை பிழைத்ததும், மனிதர்களுக்குத் தாகம் எடுக்கவைக்கும் அதன் திறமையால் மட்டுமே.