பொன்னழகின் குரலுக்கு ஒரு சின்னப் பெட்டி

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் முத்துக்கருப்பன் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத கோயில் இல்லை. கீழச்சிவல்பட்டியில் கல்யாணமா, பள்ளத்தூரில் காதுகுத்தா, தேவகோட்டையில் கட்சிக் கூட்டமா, மைக் செட் அவருடையதுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வயர் சுற்றும் எடுபிடியாகச் சேர்ந்து, சொந்தமாக ஒரு குழாய் வாங்கி, பிறகு லாரி நிறைய ஸ்பீக்கர் வைத்துக்கொண்டார். யாரும் அவரைக் கைதூக்கி விடவில்லை. இதை அவரே சொல்வார். கேட்க ஆள் கிடைக்காவிட்டால் சுவரிடம்கூடச் சொல்வார்.

குழாய்க்கு அடியில் நின்றே காலம் கழித்த மனிதருக்குக் காது என்ன மிஞ்சும்? ஆனால் காது போய்விட்டது என்று அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. "ஊர்ல ஒருத்தனும் வாயத் தொறந்து பேச மாட்டேங்கிறான். எல்லாம் தொண்டைக்குள்ளயே பேசுறான்" என்பார். மகள் யோகலட்சுமி திருப்பூரிலிருந்து ஒரு காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். அது குன்றக்குடித் தைப்பூசக் கூட்டத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது. விழுந்ததா, விட்டெறிந்தாரா என்பது அவருக்கும் முருகனுக்கும்தான் தெரியும்.

மனைவி பொன்னழகுக்குக் குரலே பூனை நடக்கிற மாதிரி இருக்கும். கத்திப் பேசத் தெரியாது. அவள் உதடு அசைவதைப் பார்த்தால் "சரி, சரி" என்று தலையாட்டுவார். பல வருஷக் குடும்பம் அந்த இரண்டு 'சரி'யில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சித்திரையில் மதுரை ஆஸ்பத்திரியில், டாக்டர் சொன்னதை யோகலட்சுமி வராந்தாவில் நின்று அவர் காதில் கத்தினாள்.

"அப்பா! வெள்ளிக்கிழம ஆபரேசன்! அம்மாவுக்குக் குரல்பெட்டிய எடுத்துருவாகளாம்! அப்புறம் அம்மா பேச மாட்டாகப்பா!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொன்னழகு மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் திருப்பத்தூர் தாண்டியதும் அவள் அவர் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். வெகுநேரம் பேசினாள். முத்துக்கருப்பனுக்கு இன்ஜின் சத்தம் கேட்டது, ஹாரன் கேட்டது. அவள் குரல் மட்டும் கேட்கவில்லை. பழக்க தோஷம், "சரி, சரி" என்றார். அவள் பேச்சை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பார்வைதான் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் குரல் இல்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்கு எழுத்துத் தெரியாது. நடுவில் நின்று கேட்டுச் சொல்ல யோகலட்சுமியும் இல்லை, மதுரையிலிருந்து நேரே திருப்பூருக்குப் போய்விட்டாள். புதுக் காது மிஷின் அளவெடுத்துச் செய்து வர நாளாகும் என்றார்கள். அவள் என்ன சொன்னாள்? அதைக் கேட்காமல் அவளை உள்ளே அனுப்பினால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

மைக் செட்காரனுக்கு மைக் செட் வழிதான் தோன்றும். அவள் கையில் மைக். அது மிக்ஸருக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒரு ஹெட்போன் வழியாக நேரே தன் காதுக்கு வர வேண்டும். நடுவில் மேசையில் வைக்கிற மாதிரி ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் தேவை. புதன்கிழமை கடை திறக்கும் முன்பே கல்லுக்கட்டிப் பக்கம் எலக்ட்ரிக் சாமான் விற்கும் பீர் முகம்மது கடை வாசலில் நின்றார்.

"என்ன மாமா, காலங்காத்தால? மாமிக்கு எப்படி இருக்கு?" பீர் முகம்மது ஷட்டரைத் தூக்கிக்கொண்டே கத்தினார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் மாமா, மாப்ள என்கிற பேச்சு மாறவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் அவர் உள்ளே போய் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று டிபன் பாக்ஸ் அளவு. மற்றது சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு.

"பெருசுக்குப் பவர் கூட, ரெண்டு வாட்டு. சின்னதுக்குப் பவர் கம்மி. ஆனா இரைச்சல் இல்லாத மிஷினு. மெல்லிசுச் சத்தத்த மட்டும் ஏத்துறதுக்குத் தனியா டிரபிள் திருகும் இருக்கு. மாமிக்குப் பேச்சு மெல்லிசு, இதையே எடுத்துக்கங்க."

"ரெண்டு வாட்டெல்லாம் ஒரு பவரா மாப்ள? ஆயிரம் வாட்ட மாட்டுவண்டியில வச்சு ஓட்டுனவன்யா நான்."

"அப்ப காதுக்கும் குழாய்க்கும் நடுவுல ரெண்டு தெரு இருந்துச்சு மாமா. இப்ப ஒரு விரக்கட எடங்கூட இல்ல."

"நீ மிக்ஸி விக்கிற ஆளு. எனக்குச் சொல்லித்தராத."

பெரிய பெட்டியோடும் பெரிய ஹெட்போனோடும் வீட்டுக்கு வந்தார். பொன்னழகை நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் மைக்கைக் கொடுத்தார். அந்த வீட்டில் எத்தனையோ மைக் இருந்தும் அவள் ஒன்றையும் தொட்டதில்லை. கரண்டி பிடிப்பது போல் பிடித்தாள்.

அவர் ஹெட்போனின் ஒரு பக்கத்தை வலது காதில் வைத்து அழுத்திக்கொண்டார். 'ம்ம்ம்' என்று ஒரு ஹம்மிங், கரண்டின் ரீங்காரம். அதற்குள்ளே அவள் குரல் வெறும் "ஆ... ஓ... ஆ..." என்று வந்தது. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. வால்யூமை ஏற்றினார். ஹம்மிங்கும் ஏறியது. முழுக்கத் திருகினார். சத்தம் போதாவிட்டால் திருகு, வேறு என்ன செய்வது? பிறகு கை தன் போக்கில் நீண்டது. எந்த மேடையிலும் முதலில் செய்கிற வேலையைச் செய்தது. மைக்கின் தலையில் விரலால் 'டொக்' என்று தட்டினார்.

வலது காதுக்குள் வெடி வெடித்த மாதிரி இருந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். பொன்னழகு பதறி எழுந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னவோ கேட்கிறாள், உதடு அசைகிறது. வலது காதில் 'ஙொய்' என்று ஒரே ஊதல்.

அன்று முழுக்க ஊதல் அடங்கவில்லை. மறுநாள் விடிந்தும் அப்படியேதான். மிஞ்சியது இடது காது. அன்று சாயங்காலம் மதுரைக்குப் போய் அட்மிட் ஆக வேண்டும். யோகலட்சுமி காரோடு கிளம்பிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. பெட்டியையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். செருப்பு மாற்றிப் போட்டது வழியில்தான் தெரிந்தது.

"மாப்ள, ம்ம்முன்னு ஒரே ஹம்மிங்கு. அதுக்குள்ள ஆ ஓன்னு மட்டுந்தான் கேக்குது."

"சத்தம் வேணுமா மாமா, சொல்லு வேணுமா?" பீர் முகம்மது இடது காதுப் பக்கம் வந்து கத்தினார். "ஒங்களுக்குத் தடிச்ச சத்தம் கேக்குது, மெல்லிசு செத்துப்போச்சு. க, ச, த எல்லாம் மெல்லிசுலதான் இருக்கு. எம்புட்டு ஏத்துனாலும் தடிச்சதுதான் இன்னும் தடிக்கும்."

வேறு நாளாக இருந்தால் முத்துக்கருப்பன் ஒரு பாட்டம் ஏசியிருப்பார். அன்று சின்னப் பெட்டியைக் கை காட்டினார். பீர் முகம்மது ஹெட்போனைச் சின்னப் பெட்டியில் செருகி அவர் காதில் மாட்டி, மைக் எதுவும் இணைக்காமல் வெறும் பெட்டியை மட்டும் ஓடவிட்டு, "கேளுங்க, இரைச்சல் இருக்கா?" என்றார். முத்துக்கருப்பனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இரைச்சல் இல்லாததால் கேட்கவில்லையா, தன் காதுக்குக் கேட்கவில்லையா? அதைக்கூடத் தன்னால் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் செட்டை அடுத்தவன் காதை வைத்து அவர் சோதித்ததே இல்லை. ஹெட்போனைக் கழற்றி நீட்டினார்.

"நீ கேளு மாப்ள. நீ சொன்னாச் சரி."

பீர் முகம்மது கண்ணை மூடிக் கேட்டார். பெரியதையும் கேட்டார், சின்னதையும் கேட்டார். "பெருசு மழ பெய்யிற மாதிரி இருக்கு. சின்னதுல ஒண்ணுமே இல்ல. தூக்கிட்டு ஓடுங்க. ஆனா அந்த ஹம்மிங்கு பெட்டியில இல்ல மாமா, ஒங்க வீட்டு எர்த்துல. ஊருக்கெல்லாம் எர்த்துக் கம்பி அடிச்சீகளே, வீட்டுக்கு அடிச்சீகளா?"

அடிக்கவில்லை. திருவிழாவுக்குப் போனால் பந்தல்காரன் வரும் முன்பே மண்ணில் கம்பி அடித்து உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். சொந்த வீட்டில் அதைச் செய்யவில்லை.

உச்சி வெயிலில் கொல்லைப்புறத்தில் கம்பியை நட்டுச் சம்மட்டியால் அடித்தார். மண் கல்லாக இறுகிக் கிடந்தது. உப்பைக் கொட்டிக் குடத்துத் தண்ணீரை ஊற்றினார். மண் உஸ்ஸென்று குடித்தது. வயரை வீட்டுக்குள் இழுத்து மிக்ஸருக்குக் கொடுத்தார், சின்னப் பெட்டியை இணைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பொன்னழகு ஊருக்குப் போகிற சேலை கட்டித் தயாராக இருந்தாள். மைக்கை அவள் கையில் கொடுத்தார். இந்தத் தடவை தட்டவில்லை. டிரபிளை ஏற்றி, வால்யூமைச் சோற்றில் உப்புப் போடுகிற மாதிரிக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருகினார்.

"கேக்குதா?"

'க்' கேட்டது. அந்தச் சொல்லின் முனை கேட்டது. கரகரத்த, ஓய்ந்துபோன குரல், ஆனாலும் அவள் குரல்தான்.

"கேக்குது புள்ள! கேக்குது! பஸ்ல என்னமோ சொன்னியே, அதச் சொல்லு."

"அதுவா..." அவள் காய்கறி விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். "தொண்டைக்குள்ள முள்ளு நிக்கிற மாதிரி இருக்கு, டாக்டர்ட்டக் கூட்டிப் போங்கன்னு பொங்கலுக்கு முன்னாடியே சொன்னேன். சரி சரின்னீக. மாசியில மறுபடி சொன்னேன். அப்பவும் சரின்னீக. அதான் சொல்லிட்டீகளே, கூட்டிப் போவீகன்னு இருந்தேன்."

"யோகு... யோகுகிட்டச் சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் சரின்னுட்டீகளே. பெறகு அவகிட்ட எதுக்கு? அதத்தான் பஸ்லயும் சொன்னேன். அதுக்கும் சரின்னீக."

பெட்டி ஓர் எழுத்தையும் விடாமல் கொண்டுவந்து போட்டது. அவர் கை வால்யூம் திருகுக்குப் போயிற்று. குறைக்கலாம். கழற்றியே வைத்துவிடலாம். கை அங்கேயே நின்றது.

"மைக்க வச்சிரவா? தொண்ட காந்துது."

கழுத்து அதுபாட்டுக்குத் தலையாட்டப் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"ரொம்ப வலிச்சா வையி. இல்லாட்டி இன்னும் எதுனாச்சும் சொல்லு. என்னய ஏசு. இத்தன வருசமா நாங் கேக்காததுல எதையாவது சொல்லு புள்ள."

பொன்னழகு கொஞ்சம் யோசித்தாள். செம்பில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்பக் கேளுங்க. கலியாணத்தன்னைக்குப் பந்தல்ல மைக்கு வேல செய்யலன்னு மாலையோட எந்திரிச்சுப் போனீகளே..."

கார் வாசலில் வந்து நின்றது அவருக்குத் தெரியாது. அவளுடைய ஒவ்வொரு சொல்லையும் இடது காதில் வாங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஹம்மிங் லேசாகத் தலை தூக்கியது. சித்திரை வெயில், கொல்லையில் மண் காய்கிறது. போய் இன்னொரு குடம் ஊற்றினால் அடங்கும். ஊற்றப் போனால் ஹெட்போனைக் கழற்ற வேண்டும். அவள் பேசிக்கொண்டிருந்தாள். ஹம்மிங் ஏறிக்கொண்டிருந்தது. முத்துக்கருப்பன் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். எழவில்லை.